வட்டமும் கறடும்

முத்து என்றவுடன் உருண்டை வடிவமே நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. பல்வரிசைக்கும் கையெழுத்துக்கும்கூட முத்தையே உவமை சொல்கிறோம். ஆனால் கடல் தரும் முத்துகளில் முழு உருண்டையானவை மிகச் சிலவே.

சிப்பியின் உடலைப் போர்த்தியுள்ள மெல்லிய தசை காயமுற்றாலோ, ஒட்டுண்ணி உள்ளே புகுந்தாலோ, அத்தசையின் செல்கள் சுண்ணப்பொருளைப் படலம் படலமாகச் சுரந்து மூடுகின்றன. எப்பக்கமும் சீராக வளர இடமிருந்தால் உருண்டை முத்து. தசைநார்களிடையே நெருக்குண்டால் கோணல் முத்து. இரண்டு ஒட்டி வளர்ந்தால் இரட்டை முத்து. ஓட்டோடு ஒட்டிக்கொண்டால் ஒருபுறம் தட்டையான அரைமுத்து. பொருள் ஒன்றே, வளர்ந்த இடம்தான் வேறு.

1973-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். சிப்பியினுள் உருண்டை மணியையும் சிறு தசைத்துண்டையும் வைத்து வளர்ப்பது அம்முறை. உள்ளே மணி உருண்டையாக இருப்பதால் முத்தும் பெரும்பாலும் உருண்டையாகிறது. போலி முத்தோ, சாயம் பூசிய கண்ணாடி மணி; அச்சில் வார்த்தாற்போல் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்!

இவற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் காந்திகிராமத்தை அடுத்தது. தறி நெய்து சேர்த்த பணத்தில் அம்மா ஒரு முத்துத்தோடு வாங்கியிருந்தார். அதில் ஒரு முத்து சற்றே சப்பை. கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "கோணலா இருக்கே, இது போலிதான்" என்று பலர் முன்னிலையில் சொல்லிவிட்டார். அன்று கழற்றியவர் மீண்டும் அணியவில்லை. "நீ காலேஜ் படிக்கிற புள்ளைதானே, பாத்துச் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆளுக்கு வந்த பெரிய தேர்வு அது!

முத்தைப் பல்லில் மெல்ல உரசினேன், நறநறத்தது. கண்ணாடி மணி பொதுவாக வழுக்கும். "இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்றறிய எக்ஸ்-கதிர்ச் சோதனை வேண்டும். ஆனால் கோணல் என்பதற்காக எந்த முத்தும் போலியாகிவிடாதம்மா" என்றேன். "அது போதும்" என்று தோட்டை வாங்கிக்கொண்டார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசராச சோழன் காலத்து அணிகலன்களின் முத்துகளை வகை பிரித்துக் கூறுகின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து என்பவற்றோடு கறடு, இரட்டை, சப்பத்தி என்ற பெயர்களும் அங்கே உள்ளன. இறைவனுக்கு அளித்த நகையிலேயே கறடுக்கும் இடமிருந்தது. அதை மறைக்காமல், பெயரிட்டு, எண்ணி, கல்லில் வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர்.