வைஃபைக்குப் பூட்டு போட்ட கதை!

செமஸ்டர் லீவில் இன்டர்ன்ஷிப்புக்காக திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சிஸ்டம் ரூமில் போய் உட்கார்ந்தேன். முதல் நாளே முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, பையருக்கு சாம்பிள் போட்டோ அனுப்பக்கூட முடியலீங்க. நெட்டு அவ்வளவு ஸ்லோ. அல்லாரும் ரீல்ஸ் பாக்கறாங்க போல. நிறுத்திப்போடு."

நமக்குச் சொல்லவா வேணும்? 'மேக் ஃபில்டர்' என்று முடிவு பண்ணினேன். வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் மேக் அட்ரஸ் என்று 12 எழுத்து அடையாளம் உண்டு. ஆக்சஸ் பாயின்ட்டில் ஒரு லிஸ்ட் போட்டுவிட்டால், அதில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். நோட்டும் பேனாவுமாக ஆபீஸ் முழுக்க அலைந்து, ஒவ்வொருவர் போனிலும் 'அபவுட் போன்' பக்கத்தைத் திறந்து எழுதிக்கொண்டேன். சேவ் கொடுத்தேன். கெத்தா வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆபீஸே அலறியது. பெரும்பாலான போன்கள் சேரவே இல்லை! "தம்பி, என்னத்தப் பண்ணி வெச்சீங்க?" என்று மெர்ச்சண்டைசர் அக்கா சிஸ்டம் ரூமுக்கே வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், போன்கள் பொதுவாகத் தங்கள் நிஜ மேக் அட்ரஸை வைஃபையிடம் காட்டுவதில்லை. யாரும் நம்மைப் பின்தொடரக் கூடாது என்று, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் அட்ரஸ் கொடுக்கும். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இதில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் முகமூடி போட்ட ஆசாமி. நான் எழுதியதோ நிஜ அட்ரஸ். மறுபடி ஓடி, வைஃபை செட்டிங்கில் காட்டும் அட்ரஸைப் பார்த்து எழுதி, அரை மணி நேரத்தில் சரி பண்ணினேன். அப்பாடா!

நாலாவது நாள் சாயங்காலம் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பொண்ணு ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். ஒடிசாக்காரி, கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். "அண்ணா, வைஃபை கெட்டுப்போச்சா?"

அவள் அம்மாவிடம் போன் இல்லையாம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுப் போன் முன்னாடி வந்து உட்காருவாராம். இவள் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் அடுத்தது. மூன்று ராத்திரியாகப் பேச்சில்லை.

ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலுக்கும் அதே வைஃபைதான். என் லிஸ்ட்டில் ஹாஸ்டலில் இருந்து ஒருத்தர்கூட இல்லை. ஆக்சஸ் பாயின்ட்டின் லாக்கைத் திறந்து பார்த்தேன். மூன்று ராத்திரியும் ஒன்பது மணியை ஒட்டி ஒரே அட்ரஸ் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டியிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'அனுமதி இல்லை'.

ஆபீஸ் கத்தியது, அரை மணியில் சரியாச்சு. இவங்க கத்தவே இல்லை பாருங்க.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆபீஸ் நெட்டு ஸ்லோ ஆகாதுங்களா?" என்றார். ஆகாமல் செய்ய வழி இருந்தது. ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் இரண்டு பெயரில் வைஃபை, இரண்டுக்கும் தனித்தனிப் பாதை, ஹாஸ்டல் பக்கம் ஒவ்வொரு போனுக்கும் ஸ்பீடு லிமிட். ஹாஸ்டல் போன்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் தொடக் கூடாது என்று ஒரு ரூலும் போட்டேன்.

அதிலும் ஒரு சறுக்கல்! ரூல்களை மேலிருந்து கீழே படிக்கும் அந்தப் பெட்டி, முதலில் எது பொருந்துகிறதோ அங்கேயே நின்றுவிடும். பெயரைச் சொன்னால் ஐபி அட்ரஸ் தரும் டிஎன்எஸ் சர்வர் எங்கள் ஆபீஸ் பக்கம்தான் இருந்தது. தடையை முதல் வரியில் போட்டதால் ஹாஸ்டலில் எந்த ஆப்பும் ஓடவில்லை. போர்ட் 53-க்கு அனுமதியை அதற்கு மேலே ஏற்றியதும்தான் உயிர் வந்தது.

ராத்திரி எட்டரை முதல் பத்தரை வரைக்கும்தான் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் லேட்டாகவே கிளம்பினேன். ஒன்பது மணிக்கு சாப்பாட்டு ஹாலில் ஒடியாவில் ஒரு அம்மா திட்டுகிற சத்தம் கேட்டது. அர்த்தம் புரியவில்லை. ஆனால் திட்டு வாங்கியவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நீங்களும் ஒருநாள் எங்கேயாவது இப்படி லிஸ்ட் போடுவீங்க. சேவ் கொடுத்த அன்றைக்கு ராத்திரியே லாக்கைத் திறந்து பாருங்க பாஸ். நான் மூணு நாள் லேட்!