தராசில்லாத வீட்டில் அளவு

"அளவோடு உண்ணுங்கள்" என்று கூறாத வைத்தியர் இல்லை. அவ்வளவை வீட்டிலே காண்பது எங்ஙனம் என்று விளக்குவோர் மிகச் சிலரே. அரிசிக்குச் சுண்டும், எண்ணெய்க்குப் போத்தலும், உப்புக்குக் கைவிரலும் அளவாக அமைந்த நம் அடுக்களைகளில் கிராம் என்னுஞ் சொல் இன்னும் விருந்தாளியாகவே இருந்து வருகின்றது. பொன் வாங்குங் கடையிலே குன்றிமணி அளவுக்குங் கண்ணிமையாது நிற்கும் நாம், மருந்துக்கு நிகரான உணவை மட்டும் போகிற போக்கிலே கரண்டியால் அள்ளிப் போட்டுவிடுகின்றோம்.

என் அன்னையாருக்கு இப்பொழுது வயது 82. சென்ற மாரியில் வந்த காய்ச்சலின் பின் உடல் மெலிந்து, நிறை 45 கிலோகிராமாகக் குறைந்துவிட்டது. கதிரையிலிருந்து எழுவதற்குங் கைத்தாங்கல் வேண்டியிருந்தது. பரிசோதித்த வைத்தியர், உணவிற் புரதம் போதாமையால் தசை தேய்கின்றது என்றார். அன்னையார் மச்சம் உண்பவரல்லர்; பாலும் அவருக்கு ஒவ்வாது. ஆதலின், பட்டாணியிலிருந்து பிரித்தெடுத்த புரதமாவை நாளொன்றுக்கு 30 கிராம் கரைத்துக் கொடுக்கும்படி பணித்தார். "குறைந்தாற் பயனில்லை. சிறுநீரகம் முதுமையினாற் சற்றுத் தளர்ந்திருப்பதால் கூட்டவும் வேண்டாம்" என்பது அவர் எச்சரிக்கை.

ரொறன்ரோவிலுள்ள தம்பி, ஊருக்கு வந்த ஒருவர் மூலம் 900 கிராம் மாவை அனுப்பிவைத்தான். பயணப் பொதியின் பாரத்தைக் குறைப்பதற்காகப் பேணியை விட்டு, மாவை உறையிற் கட்டி, பேணியின் சுட்டியை மட்டும் வெட்டி உள்ளே வைத்திருந்தான். பேணியோடு அளவுகரண்டியும் அங்கேயே தங்கிவிட்டது. தொலைபேசியிற் கேட்டபோது, "இரண்டு கரண்டி போடுங்கோ அக்கா, சரியாயிருக்கும்" என்றான்.

இரண்டு கரண்டி என்றால் எவ்வளவு? மாவைக் கொடுக்கத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அன்னையாரையும், மச்சாளையும், பள்ளியிற் பயிலும் என் மகனையும் அழைத்து, ஒரே மேசைக்கரண்டியால் அவரவர் வழக்கப்படி இரண்டு கரண்டி மாவை வெவ்வேறு தாள்களில் இடச் சொன்னேன். பின்னர் ஒவ்வொரு குவியலையும் அதே கரண்டியால் அள்ளி, ஈர்க்கினாலே தலை தட்டி எண்ணினேன். அன்னையாரின் இரண்டு கரண்டி, தலைதட்டிய மூன்றாயிற்று, மச்சாளுடையது நான்கு, மகனுடையது ஐந்து!

அன்னையாருக்கு இது வேடிக்கையாயிருந்தது. "அறுபது வருசமாய்க் கையாலை அளந்து சமைச்சனான். அந்தக் கைக்கு உந்த மாவை அளக்கத் தெரியாதோ பிள்ளை?" என்றார். அவர் கேட்டதில் நியாயமில்லாமலில்லை. ஆயினும், கறியில் உப்புக் கூடினால் நாக்கு உடனே முறையிடும். மாவிற் புரதங் கூடினால் முறையிட வேண்டியது சிறுநீரகம். அஃது உடனே வாய் திறப்பதில்லை.

இனி, தராசில்லாமல் 30 கிராமைக் காண்பது எப்படி? தண்ணீரே இதற்குத் துணை. ஒரு மில்லிலீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிராம். நம் நாட்டு வெப்பத்திலே அஃது இம்மியளவு குறையினும் வீட்டுக் கணக்குக்குப் பாதகமில்லை. பாணி மருந்துப் போத்தலோடு வரும் சிறு கோப்பையில் 5, 10, 15 மில்லிலீற்றர் எனக் கோடுகள் இருக்கும். 15 மில்லிலீற்றராக இருமுறை ஊற்றினால் 30 கிராம் நிறை நம் கையில் இருக்கின்றது.

மகனின் அடிமட்டமொன்றை எடுத்து, 15 சென்றிமீற்றர்க் கோட்டில் துளையிட்டு நூலிலே தொங்கவிட்டோம். 1 ஆம், 29 ஆம் கோடுகளில் ஒரே மாதிரியான இரண்டு சிறு கோப்பைகளைக் கட்டினோம். வெறுமையாக இருக்கையில் ஒருபுறஞ் சரிந்ததால், மறுபுறத்தில் சிறிது மெழுகை ஒட்டிச் சமன்செய்தோம். பின்னர் ஒரு கோப்பையில் 30 மில்லிலீற்றர் தண்ணீரும், மற்றதில் மட்டம் நேராகும்வரை மாவும் இட்டோம். அம்மாவை அள்ளி எண்ணியபொழுது, தலைதட்டிய கரண்டி சரியாக நான்கு. மச்சாளின் கை வென்றது!

மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் நன்று. மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர் கொள்வது. நான்கு கரண்டியிலே 60 கிராம் தண்ணீர் நிற்கும். மாவோ 30 கிராமே நின்றது. மாத்துணிக்கைகளின் இடையே காற்று இருப்பதே காரணம். உறையைக் குலுக்கினால் காற்று வெளியேறி மா இறுகும். அதே கரண்டியில் கூடுதலான நிறை ஏறும். ஆகவே அள்ளுமுன் மாவை இலேசாகக் கிளறிவிடல் வேண்டும். கரண்டியை அழுத்தி நிரப்பலாகாது. ஈரக் கரண்டியும் ஆகாது. மேசைக்கரண்டியும் எங்கும் ஒன்றன்று. அவுஸ்திரேலியாவில் அது 20 மில்லிலீற்றர்.

ஓரிரு கரண்டியால் என்ன வந்துவிடும் என்று எண்ணுவோருக்கு இக்கணக்கு. மூன்று கரண்டி 22½ கிராம். ஐந்து கரண்டி 37½ கிராம். நாளொன்றுக்கு 15 கிராம் வேறுபாடு, 30 நாளில் 450 கிராமாகும். அதாவது உறையிற் பாதி. சுட்டியிற் கண்டபடி 100 கிராம் மாவிலே புரதம் 80 கிராம். எனவே அந்த 15 கிராமிலே 12 கிராம் புரதம் அடங்கும். வளர்ந்தவர்க்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான கணிப்பு. 45 கிலோகிராம் நிறையுடைய அன்னையாருக்கு அது 36 கிராம். அதில் மூன்றிலொரு பங்கு, குவித்த கரண்டிக்கும் தட்டிய கரண்டிக்கும் இடையே மறைந்து கிடக்கின்றது! உலர்ந்த பயறு 50 கிராமில் உள்ள புரதமும் ஏறக்குறைய அவ்வளவே.

இன்னொரு வழியும் உண்டு. பொதியின் நிறையை நாட்களால் வகுத்துப் பார்த்தல் அது. நம் நாட்டிலே 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டு வந்துள்ள திரிபோஷாவை நோக்குக. சோளமும் சோயா அவரையும் முதன்மையாகச் சேர்ந்த அம்மா 750 கிராம் பொதியாக வரும். நாளொன்றுக்கு 50 கிராம் என்பது திட்டம். ஆகவே ஒரு பொதி ஒருவருக்கு 15 நாட்கள் நிற்றல் வேண்டும். பத்தாம் நாளே முடிந்துவிடின், கரண்டி குவிந்திருக்கும். அல்லது தாய்க்கு வந்ததில் மற்றப் பிள்ளைகளும் பங்குண்டிருப்பர். நாட்காட்டியில் பொதி திறந்த நாளைக் குறித்து வைத்தால் போதும். எந்த வீட்டிலும் இது தராசின் வேலையைச் செய்யும்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு கரண்டிக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டி, மாப் போத்தலினுள்ளே வைத்திருக்கின்றோம். யார் கரைத்தாலும் நான்கு கரண்டி, ஈர்க்கினால் தலை தட்டி. அடுத்த முறை வேறு மா வருமாயின் அடிமட்டத் தராசு மீண்டும் தொங்கும். ஏனெனில் ஒரு மாவின் கரண்டிக் கணக்கு மற்றொரு மாவுக்குப் பொருந்தாது.

தாய்மார்களே, சமையலறைத் தராசொன்று வாங்க இயலுமாயின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இயலாதவர் ஏங்க வேண்டுவதில்லை. முதியோருக்கும் நோயாளருக்கும் எவ்வளவு என்பதை வைத்தியரே கூறட்டும். அவர் கூறிய அளவு, கரைப்பவர் கைக்குக் கை மாறாது கிண்ணத்தைச் சேர்வது நம் பொறுப்பு.