கூப்பர் வழக்கு

நான் வேலை பார்க்கும் வங்கியை அரசு எடுத்துக்கொண்டது செல்லாது என்று 1970 பிப்ரவரி 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான்கு நாள் கழித்து வேறொரு அவசரச் சட்டம் வந்து, 1969 ஜூலை 19 முதலே அதைச் செல்லுபடியாக்கிவிட்டது. நான் பிறப்பதற்கு முந்தைய விஷயம். வழக்குத் தொடுத்தவர் யார் என்று கேட்டால் எங்கள் கிளையில் யாருக்கும் தெரியாது. சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும், அதுவும் ஒரு வழக்கின் பெயராக மட்டும்.

ருஸ்தம் காவஸ்ஜி கூப்பர் பம்பாய்க்காரர்; ஆடிட்டர்; சென்ட்ரல் பாங்க் டைரக்டர்களில் ஒருவர். சுதந்திராக் கட்சியில் ஈடுபட்டவர். சேலத்தில் வக்கீலாக இருந்து அந்த நகராட்சிக்குத் தலைவராகவும் ஆன ராஜாஜி, எண்பது வயதில், 1959இல் ஆரம்பித்த கட்சி அது. காங்கிரஸும் வேண்டாம், கம்யூனிஸமும் வேண்டாம் என்று நின்றது. 1967இல் லோக்சபையில் 44 இடங்கள் பிடித்து எதிர்க்கட்சிகளில் முதலாவதாக வந்தது. 1971இல் எட்டு இடங்கள். 1974இல் இன்னொரு கட்சியில் கரைந்து போயிற்று.

பதினான்கு வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டபோது கூப்பர் கேட்டது தன் சொத்துரிமையை. சொத்துப் போனது கம்பெனிக்குத்தானே, பங்குதாரரான உமக்கு என்ன என்று அரசுத் தரப்பு கேட்டது. கம்பெனியோடு சேர்த்துப் பங்குதாரனின் உரிமையும் பாதிக்கப்படுமானால் அவன் கோர்ட்டுக்கு வரலாம் என்றார்கள் நீதிபதிகள். பதினோரு பேரில் பத்துப் பேர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

பணக்காரர் வழக்கு என்று நம் நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அப்படிச் சொல்வதில் பொய் இல்லை. 1969 ஜூனில் இந்த நாட்டில் இருந்த வங்கிக் கிளைகள் 8,262. அவற்றில் கிராமங்களில் இருந்தவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். திருச்செங்கோட்டுப் பக்கம் நாலு விசைத்தறி ஓட்டுகிறவரும் ராசிபுரம் பக்கம் மரவள்ளி போடுகிறவரும் இன்று என் கவுண்டர் முன்னால் நிற்கிறார்கள் என்றால், கூப்பரின் வெற்றி நான்கு நாள்கூட நிலைக்காமல் போனதும் அதற்கு ஒரு காரணம். என் சம்பளமும் அதில் சேர்த்தி. அவருடைய பொருளாதாரம் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் தீர்ப்பு அவருடைய பொருளாதாரத்தோடு நின்றுவிடவில்லை. இதற்கு இருபது வருஷம் பின்னால் போக வேண்டும். 1950இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை ராஜ்யச் சிறையில் விசாரணையின்றி அடைபட்டிருந்தார். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அடிப்படை உரிமைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறை, சட்டப்படி ஒருவனை அடைத்துவிட்டால் மற்ற உரிமைகளைக் காட்டி அதைக் கேள்வி கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். கோபாலன் தோற்றார். அதே வருஷம் பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச்சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். சிறைக்குள் இருப்பவனுக்கு என்ன உரிமை மிச்சம் என்பது அன்று சேலத்தில் வெறும் சட்டப் பிரச்னையாக இருக்கவில்லை.

கோபாலன் வழக்கில் எழுப்பிய அந்தச் சுவரை இடித்தது ஒரு வங்கி டைரக்டரின் மனு. உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது, சட்டத்தின் நோக்கத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்தால் போதாது, மனிதனின் உரிமை மீது அதன் விளைவு என்ன என்று பார்க்க வேண்டும் என்றது கூப்பர் தீர்ப்பு. 1978இல் மேனகா காந்தி வழக்கில் தனிமனித சுதந்திரம் விரிந்தது இதன் மேல் நின்றுதான். அதே 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம், சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. கூப்பர் கேட்டது போய்விட்டது. அவர் கேட்காதது நமக்கு நிலைத்தது.

விளைவைப் பார் என்கிற இந்த வாக்கியம் எழுதுகிறவர்களுக்கு முக்கியம். 2015 ஜனவரியில் நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் ஒரு சமாதானப் பேச்சு நடந்தது. வடிவத்தில் அது தடையுமில்லை, தண்டனையுமில்லை. பேச்சுவார்த்தை, கடைசியில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். விளைவு, பெருமாள்முருகன் எழுதுவதை நிறுத்தினார். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை வரை ஆயிற்று. அன்று அந்த அறையில் நடந்தது என்ன என்பது, கூப்பர் தீர்ப்பின் கேள்வியை வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்குத் தெளிவாகிறது.

ஒரு கவிதையைப் படிக்குமுன் எழுதியவன் எந்தக் கட்சி, எந்த ஜாதி, யார் காசில் சாப்பிடுகிறான் என்று விசாரிக்கும் பழக்கம் நம்மிடையே வலுத்துவருகிறது. விசாரிப்பதில் தப்பில்லை. விசாரணை முடிந்ததும் கவிதையைப் படிக்காமலே எழுந்து போய்விடுவதுதான் தப்பு. கூப்பரின் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் கோபாலன் கேட்டுக் கிடைக்காததை அவருடைய மனு வாங்கித் தந்திருக்கிறது. கேட்டவர் பங்குதாரர் என்பதற்காக அதை நான் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை.