பை போன பிறகு

உங்களுக்குப் பித்தப்பை இருக்கிறதா? இருந்தால் அதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டீர்கள். நானும் நாற்பத்தாறு வயசு வரை அப்படித்தான். 2017-ல் ஒரு கல்யாண வீட்டில் நெய் மிதக்கும் பொங்கலும் மூன்று வடையும் சாப்பிட்ட அன்று ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு வலி. ஸ்கேன் எடுத்தவர், ‘கல்லு சார், நிறைய இருக்கு’ என்றார்.

வயிற்றில் நாலு சின்னத் துளை, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கற்களை ஒரு குட்டி பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ‘அந்தப் பை இல்லாமலே ஜம்முனு வாழலாம்’ என்றார் சர்ஜன். பொய்யில்லை. குதிரைக்கும் யானைக்கும் பித்தப்பையே கிடையாது. 1882-ல் பெர்லினில் லாங்கன்புக் என்ற டாக்டர் முதன்முதலாக அதை வெட்டி எடுத்ததிலிருந்து எத்தனையோ பேர் அது இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் குதிரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்கிறது. பந்தியில் உட்கார்ந்து ஒரேயடியாக வெட்டுவதில்லை.

விஷயம் இதுதான். ஈரல் தினமும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பை என்பது மொட்டை மாடித் தொட்டி. அதைச் சேர்த்து, சுண்டவைத்து, நீங்கள் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடும்போது திறந்துவிடும். தொட்டியை எடுத்துவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் நேராகக் குழாய்க்கு வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு உடம்பு சில வாரங்களில் பழகிவிடுகிறது. சிலருக்கு மட்டும், சிறுகுடல் திரும்ப உறிஞ்சியதுபோக மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே நீரைச் சுரக்க வைக்கிறது. அந்தச் சிலரில் நான் ஒருவன்.

விளைவை எப்படி நாசூக்காகச் சொல்வது? சாப்பிட்ட கை காய்வதற்குள் ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஆபீஸ் வரை எந்த ஓட்டலில் உள்ளே விடுவார்கள், எந்தப் பெட்ரோல் பங்கில் தாழ்ப்பாள் சரியாக இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். காலை டிபனை நிறுத்தினேன். அப்புறம் காபியை. அப்புறம் சினிமாவை.

ஒரு டாக்டர் ‘டென்ஷன்’ என்றார். இன்னொருவர் அமீபாவுக்கு மாத்திரை கொடுத்தார். பக்கத்து வீட்டு மாமி மாதுளம்பழத் தோல் கஷாயம் கொடுத்தார். மூன்றையும் விசுவாசமாகச் சாப்பிட்டேன்.

2019-ல் தங்கச்சி மகனுக்குக் கோவில்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. ராத்திரி பஸ். டிரைவர் நினைத்த இடத்தில்தான் வண்டி நிற்கும். போய் இறங்கினாலும் கோயிலைச் சுற்றி வெறும் பொட்டல், இருநூறு சொந்தக்காரர்கள். கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது போன் செய்து, ‘ஆபீஸ்ல லீவு தரல’ என்றேன். சித்தப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். தங்கச்சி என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சர்க்கரை, பிரஷர் என்றால் பந்தியிலேயே பெருமையாகச் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது, சொல்லுங்கள்?

கடைசியில் ஒரு வயதான குடல் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படி இருந்ததா?’ இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கொலஸ்டைரமின் என்று ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். கொலஸ்ட்ராலுக்காக வந்த மருந்து, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் கலக்கினால் ஆற்று மணலைக் குடிக்கிற மாதிரி இருக்கும். மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பிரஷர் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் இது சரிப்படாது, டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். எனக்கு நாலாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. கூடவே கொஞ்சம் இசப்கோல், மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்தது, பொரித்ததைக் குறைத்தது. பூரியை மட்டும் இன்னும் தூரத்திலிருந்து பார்க்கிறேன்.

பொடி வேலை செய்த தைரியத்தில் தங்கச்சியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘இதுக்காண்ணே பொய் சொன்ன?’ என்றாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

2023-ல் அவளுடைய இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. இந்தத் தடவை முன்கூட்டியே முத்துநகர் எக்ஸ்பிரஸில் கதவோரம் பெர்த் போட்டுக்கொண்டேன். கோயிலில் இறங்கியதுமே மச்சான் என்னைத் தனியாக அழைத்துப்போய், பின்பக்கம் ஒரு தோட்டத்து வீட்டைக் காட்டி, சாவியைக் கையில் கொடுத்தார். ‘யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு மட்டும்.’ தங்கச்சி இலையில் இரண்டு இட்லியும், எண்ணெய் இல்லாத பொடியும் வைத்தாள்.

சாவிக்கு வேலை வரவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது. என் மடி முழுக்க ஈரம். சபையில் எல்லோரும் பார்த்தார்கள். நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன், இந்தத் தடவை காரணம் நான் இல்லை.