மூன்றாவது கம்பி

வாப்பா ஹட்டன் பஸாரில் ரேடியோ திருத்துபவர். அவர் மௌத்தான பின் எனக்கென்று மிஞ்சியது ஒரு சோல்டரிங் அயனும் ஒரு டப்பா பேஸ்ட்டும்தான். சகோதரர்கள் கடையை எடுத்துக்கொண்டார்கள். நான் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படித்து, தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கப் போனவன். அந்த அயன் வருடக்கணக்காக அலுமாரியில் கிடந்தது.

2022இல் நாடு நெருக்கடியில் விழுந்தபோது கொழும்பில் கடைவேலைக்குப் போயிருந்த எங்கள் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக லயத்துக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவன் ஒரு நாள் பின்னேரம் என் வீட்டு வாசலில் நீளமான கடதாசிப் பெட்டியோடு வந்து நின்றான்.

"சேர், வேலை போறதுக்கு முன்னுக்கே காசு சேத்து வாங்கினது. வயரிங் மட்டும் வெளங்கல சேர்."

பெட்டிக்குள் மின்சாரக் கிட்டார் ஒன்று துண்டு துண்டாகக் கிடந்தது. சாயம் பூசாத வெளிறிய மர உடல், நான்கு ஆணிகளால் பூட்ட வேண்டிய கழுத்து, மூன்று பிக்கப்புகள், பை நிறையத் திருகாணிகள், படங்கள் மட்டுமே உள்ள ஒரு தாள். அந்த வடிவத்தை 1954இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான லியோ பெண்டர். அவர் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர் என்றும், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்றும் எங்கோ படித்திருக்கிறேன். எனக்கும் வாசிக்கத் தெரியாது. "பெட்டியை உள்ளே கொண்டு வா" என்றேன்.

முதலில் மர வேலை. மண் கடதாசியால் தேய்த்துத் தேய்த்து உடலைக் கண்ணாடிபோல் ஆக்கினான். என்ன நிறம் என்று கேட்டேன். கறுப்பு என்றான். பெயின்ட் வாங்கக் காசில்லை. அப்போதுதான் எனக்கு எட்டாம் வகுப்பில் செய்துகாட்டும் ஒரு பரிசோதனை ஞாபகம் வந்தது. தேயிலையில் தனின் இருக்கிறது. தனினோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்துக் கடுக்காய் மை அப்படித்தான் உண்டானது. கடுக்காயில் உள்ளது தனின், அதில் போட்ட அன்னபேதி இரும்பு உப்பு.

இரும்பு நார் கொஞ்சத்தை வினாகிரியில் ஒரு கிழமை ஊறவைத்தோம். அவனுடைய அம்மா டஸ்ட் தேயிலையைக் கஷாயம்போல் காய்ச்சித் தந்தார். மூன்று தரம் தேயிலைச் சாயத்தைத் தடவி உலரவிட்டு, அதன்மேல் இரும்பு வினாகிரியைத் துணியால் ஒற்றியபோது மரம் கண்முன்னே இருண்டது. அம்மா தன் விரல்களை நீட்டிக் காட்டினார். "கொழுந்து கிள்ளுற எங்க கையும் இப்படித்தான் சேர் ஆவுது." அந்த விரல்களுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் விளக்கம் சொன்னதில்லை.

அதற்கு மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, தளவாட வேலைக்காரர்கள் சொல்லும் பிரெஞ்ச் பொலிஷ். அவசரத்தில் மூடுபனி இறங்கிய ஒரு பின்னேரத்தில் பூசிவிட்டோம். விடிந்து பார்த்தால் பால் சிந்தியதுபோல் வெண்படலம். உலரும் பூச்சுக்குள் ஈரம் சிறைப்பட்டால் இப்படியாகும். நல்ல வெயில் வரும்வரை நான்கு நாள் காத்திருந்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தபின்தான் கறுப்பு மீண்டது.

பொலிஷ் வாசம் தெருவுக்குப் போனது. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர் இது, கிட்டாரா?" என்றார். குரலில் கோபமில்லை, கவலை இருந்தது. நான் அவரோடு வாதாடவில்லை. நமக்குள்ளே இது பழைய விவகாரம். இசை பற்றிப் பெருநூல் எழுதிய அல்-பாராபி 950இல் மறைந்தவர். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஸமாஃ பற்றித் தனிப் பகுதியே எழுதினார், ஆனால் நரம்பு வாத்தியங்களை விலக்கியே வைத்தார். ஐரோப்பியர் லூட் என்றழைத்த வாத்தியத்தின் பெயர் அல்-ஊத் என்ற அறபுச் சொல்லிலிருந்து போனது. ஊத் என்றால் மரம். நான் பெரியவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை வேலை இல்லாம இருக்கிறான் ஹாஜியார். கையில ஒரு வேலை இருக்கட்டும்." அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "உங்கட வாப்பாவும் இப்படித்தான், யார் வந்தாலும் இல்லையெண்டு சொல்ல மாட்டார்" என்று சொல்லிப் போனார்.

அடுத்தது வயரிங். மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போயிருந்த காலம். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து அயனைச் சூடாக்கினோம்.

ஒவ்வொரு கம்பியாகச் சொல்லிக் கொடுத்தேன். பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிய மயிரிலும் மெல்லிய செம்புக் கம்பியின் ஆயிரக்கணக்கான சுற்றுகளும். மேலே உருக்குத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுற்றுக்குள் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. பதினோராம் வகுப்பில் சட்டக் காந்தத்தையும் கல்வனோமானியையும் வைத்துக்கொண்டு மின்காந்தத் தூண்டல் என்று நான் கரும்பலகையில் எழுதிய அதே பாடம். "இதெல்லாம் எதுக்கு சேர்?" என்று அன்று பின்வாங்கிலிருந்து கேட்டவன் இவன்தான். பரீட்சைக்கு என்று பதில் சொன்னது ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மாறுந்தடைகளின் முதுகில் ஈயம் பிடிக்கவில்லை. பளபளப்பை அரத்தால் கொஞ்சம் சுரண்டிய பின் பிடித்தது. "கம்பியில ஈயத்தை வைக்காதே, சூட்டை வை, ஈயம் தானா வரும்" என்று வாப்பா எனக்குச் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். கடைசியாகப் பாலத்துக்கு ஒரு ஏர்த் கம்பி. தந்திகள் பாலத்தில் இருக்கின்றன, பாலம் இந்தக் கம்பியால் ஏர்த்தோடு சேர்கிறது. அதைச் சேர்க்காவிட்டால் காற்றில் கிடக்கும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் முழுவதும் கேட்கும். "இதை மட்டும் விட்டுடாதே" என்று மூன்று தரம் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை லயத்து அறையில் பழைய ஆம்ப் ஒன்றில் செருகினோம். அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வாசலில். அவன் வெறுங்காலோடு ஈரச் சீமெந்துத் தரையில் நின்று தந்தியைத் தொட்டான். தொட்டதும் கையை உதறினான்.

"சுள்ளுங்குது சேர்."

எனக்கு உள்ளே எதுவோ விழுந்தது. கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு மெயினை நிறுத்தினேன். ஆம்பின் மூன்று கால் பிளக்கை யாரோ வெட்டி எறிந்து இரண்டு கால் பிளக் பூட்டியிருந்தார்கள். அதுவும் உள்ளே போவதற்காகச் சுவர்த் துளையின் மூன்றாவது ஓட்டையில் ஒரு தீக்குச்சி.

நாங்கள் செய்த வயரிங்கில் பிழையில்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. ஆம்பின் உலோகச் சட்டத்துக்குக் கொஞ்சம் மின் கசிவது வழமை. ஏர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் சட்டத்திலிருந்து கிட்டார் வயருக்கு, அங்கிருந்து பாலத்துக்கு, தந்திக்கு, விரலுக்கு, ஈரத் தரைக்கு. நான் மூன்று தரம் சொல்லிப் போடவைத்த கம்பிதான் அந்தப் பாதையைத் திறந்து கொடுத்தது. ஆம்பில் பெரிய பழுது ஏதும் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கப் பயமாக இருந்தது. 1972இல் ஸ்கொட்லாந்துக் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே ஏர்த் ஒழுங்கில்லாத மைக்கைத் தொட்டு இறந்தவர்.

லயத்து ட்ரிப் ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அது அசையவே இல்லை. ஏர்த் கம்பியைத் தேடிப் போனோம். சுவரின் பின்னால், கானோரத்தில், துருப்பிடித்த நுனியோடு அது அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதே வரிசையில் பிள்ளைகள் ஹீட்டர் போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிறார்கள், அயன் பண்ணுகிறார்கள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனேன். உம்மாவின் கேத்தல் செருகும் பிளக்கின் மேல் ஓட்டையிலும் ஒரு தீக்குச்சி. வருடக்கணக்காகப் பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி எது என்று கேள்வித்தாள் தயாரித்தவனின் வீடு அது.

லயத்தார் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். அந்த நாள்களில் அது லேசான காரியமல்ல. கிட்டார் வாங்கியவன் தன் கைத்தொலைபேசியை விற்றான். அனுமதிப்பத்திரம் உள்ள வயர்மேன் ஒருவர் வந்து புதிய செம்புக் கோலை மண்ணில் அடித்து, புதுக் கம்பி இழுத்து, ட்ரிப் ஸ்விட்சையும் மாற்றினார். ஆம்புக்கு மூன்று கால் பிளக் பூட்டினோம். இந்த முறை நான்தான் முதலில் தந்தியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. பிறகு அவன் வாசித்தான். மூன்று சுரங்கள்தான் தெரியும், அதையே திரும்பத் திரும்ப. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அவன் பிறகு மீண்டும் கொழும்புக்குப் போய்விட்டான். கிட்டார் லயத்துச் சுவரில் தொங்குகிறது. தீபாவளிக்கு வந்தால் எடுப்பான். இப்போது நான்கைந்து பாட்டு வருகிறது. பெரியவர் ஹாஜியார் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. ஆனால் ஒருநாள், "மாஸ்டர், எங்கட வீட்டு ஏர்த்தையும் ஒருக்கா பார்த்து விடுங்களேன்" என்றார். போய்ப் பார்த்தேன்.

உம்மாவின் பிளக்கிலிருந்து எடுத்த தீக்குச்சி என் மேசையில் இருக்கிறது. மின்சாரப் பாடம் தொடங்கும் நாளில் அதைத்தான் முதலில் வகுப்புக்குக் கொண்டு போகிறேன். "இது யார் வீட்டில் இருக்கிறது?" என்று கேட்கிறேன். எல்லாக் கைகளும் உயர்கின்றன. அதன் பிறகுதான் கரும்பலகையில் எழுதுகிறேன்.