ஆமையூர்க் கற்களும் எட்மண்ட் காசுகளும்

கல்லறைத் திருநாள் நெருங்கும்போதெல்லாம் ஆம்பூரின் இரண்டு நடுகற்கள் நம் நினைவுக்கு வருகின்றன. இவ்வூர் ஆமையூர் என வழங்கிய காலத்தவை அவை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில் நுளம்பனின் படை ஆமையூர்மேல் வந்தது. பிருதிகங்கரையர் என்னும் கங்க அரசரைச் சார்ந்த வீரர்கள் எதிர்த்துப் போரிட்டு மாண்டனர். இச்செய்தியைக் கல்லெழுத்து கூறுகிறது. வந்த படையில் மடிந்தவர்களைப் பற்றி அக்கற்கள் பேசுவதில்லை. பேச வேண்டும் என எதிர்பார்ப்பதும் முறையன்று.

இது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதே காலத்தில் ஆங்கிலேய நாடுகளும் படைவரவால் கலங்கிக் கிடந்தன. 793இல் லிண்டிஸ்பார்ன் தீவின் துறவுமடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகள், 865இல் பெரும்படையாகவே வந்து இறங்கினர். லிண்டிஸ்பார்னில் கிடைத்த கல்லறைக் கல் ஒன்றை நூலொன்றில் படமாகக் கண்டோம். ஒரு பக்கத்தில் வாளும் கோடரியும் ஓங்கிய எழுவர். மறுபக்கத்தில் சிலுவை, அதனருகே கதிரவனும் நிலவும், வணங்கி நிற்கும் இருவர். நம் நடுகல்லின் உடன்பிறப்போ என வியந்தோம்.

ஆனால் வந்தவர்கள் வாளோடு நின்றுவிடவில்லை. யார்க் நகரின் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் அவர்களுடைய வீடுகளும் பட்டறைகளும் வெளிப்பட்டன. காற்றுப் புகாத ஈர மண் காத்துவைத்திருந்தவற்றுள் காலணிகளும் வெட்டி எறிந்த தோல் துண்டுகளும் ஏராளம். ஆம்பூர்க்காரருக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறென்ன வேண்டும்! அங்கே ஓக் மரப்பட்டை, இங்கே ஆவாரம்பட்டை. குரோமிய உப்பு வருமுன் இரு நாட்டிலும் தோலைப் பதப்படுத்தியது மரப்பட்டைச் சாறே.

நம்மை உலுக்கியது மற்றொரு செய்தி. 869இல் கிழக்கு ஆங்கிலியாவின் கிறிஸ்தவ மன்னர் எட்மண்டை அப்பெரும்படையினர் கொன்றனர். ஒரு தலைமுறை கழிவதற்குள், அதே டேனியர் ஆண்ட அதே மண்ணில், 'புனித எட்மண்ட்' என்று அவர் பெயரைப் பொறித்த வெள்ளிக் காசுகள் புழங்கின. 1840இல் கியூர்டேலில் வெளிப்பட்ட புதையலில் மட்டுமே இக்காசுகள் 1,000க்கும் மேற்பட்டவை. இடையில் 878இல் தோல்வியுற்ற டேனியத் தலைவன் குத்ரம் திருமுழுக்குப் பெற்றான். அவனுக்கு ஞானத்தந்தையாக நின்றவர் அவனை வென்ற ஆல்பிரட் மன்னரே. அதில் அரசியல் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் கொன்றவரின் மக்களே கொல்லப்பட்டவரைப் புனிதர் என்று அழைத்தனர்.

நம் குடும்பக் கல்லறைகளுக்கு நான்கு வரிசை தள்ளிச் சித்தப்பா துயில்கிறார். தோல் வணிகத்தில் நம் தந்தையோடு கூட்டாக இருந்து, கணக்கை மறைத்து, அவரைக் கடனாளியாக்கியவர். தந்தை கடைசிவரை அவர் பெயரை உச்சரிக்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்திகளோடு அவ்வரிசையைக் கடக்கும்போது நாமும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். சென்ற ஆண்டு நம் பேத்தி, "அங்கே ஏன் தாத்தா விளக்கில்லை?" என்று கேட்டாள். காற்றடிக்கிறது, அணைந்துவிடும் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டோம்.

காற்று அன்று வீசவில்லை. அவளுக்கும் அது தெரியும்.