ஒரு பாஸ்வேர்டும் டீச்சரின் கவரும்

பொட்டி தட்ட வந்து திருவனந்தபுரத்தில் குடியேறின குடும்பம் எங்களுடையது. ஆபீஸ் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில், வீடு ஸ்ரீகாரியத்தில். மாடியில் நாங்க, கீழே வீட்டுக்காரம்மா. ஸ்கூல்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க. இந்த ஊர் வழக்கப்படி தெரு முழுக்க அவங்களுக்கு ஒரே பேர்தான்: டீச்சர். மகன் ஷார்ஜாவில்.

2020 மார்ச் கடைசியில் எல்லாரையும் வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டினாங்களே, அப்பத்தான் டீச்சர் ஒருநாள் படியேறி வந்தாங்க. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, அழைப்பு வசதியை அங்கே தடுத்து வெச்சிருக்காங்க. அதனால மகன் போட்டிம் என்கிற ஆப் போடச் சொல்லியிருக்கார். போட்டாச்சு, ஆனா போன்ல இருக்கிற நெட்டுக்குப் படம் அசையவே மாட்டேங்குது. "பேரனைக் காணணும். அர மணிக்கூர் மதி மோனே"ன்னாங்க. மலையாளத்துல 'மதி'ன்னா போதும்னு அர்த்தம். அரை மணி நேரம் போதுமாம்.

உடனே கொடுத்திருந்தா நான் நல்லவன். ஆனா நாமதான் விவரமானவங்களாச்சே! ராத்திரி தங்கமணிகிட்ட ஒரு லெக்சர் எடுத்தேன். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னாடி ஒரு மிரட்டல் மெயில் வந்தது. போலீஸ் ஐ.பி. முகவரியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, அது நவி மும்பையில் குடியிருந்த கென் ஹேவுட் என்கிற அமெரிக்கர் வீட்டு இணைப்பு. அவர் வைஃபையை வேற யாரோ பயன்படுத்தியிருக்காங்க. விசாரணை, கம்ப்யூட்டர் பறிமுதல்னு மனுஷன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஏன்னா, வெளியிலிருந்து பார்த்தா ஒரு வீட்டு ரவுட்டருக்கு ஒரே முகவரிதான். உள்ளே பத்து பேர் இருந்தாலும் பில் யார் பேர்ல வருதோ அவங்க வீட்டுக் கதவைத்தான் முதல்ல தட்டுவாங்க.

தங்கமணி எல்லாத்தையும் கேட்டுட்டு, "டீச்சர் குண்டு வைப்பாங்கங்கறீங்களா?"ன்னு ஒரே கேள்வி. நான் கப்சிப்.

மறுநாள் பாஸ்வேர்ட் கொடுத்தேன். மாத்ருபூமி காலண்டர் பின்பக்கம் அழகா எழுதி வெச்சுக்கிட்டாங்க. எங்க ரவுட்டர் சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டி அவங்க வீட்டுக்குள்ள போகாது. வாசல் சிட்டவுட்ல நாற்காலி போட்டாத்தான் கிடைக்கும். தினம் ராத்திரி எட்டரைக்கு அங்கே உட்கார்ந்து பேரன்கிட்ட பேசுவாங்க. மாசம் ஒண்ணாம் தேதி ஒரு கவர்ல 200 ரூபாய் வரும். வேண்டாம்னா கேக்க மாட்டாங்க. கவரோட கப்பக்கிழங்கோ நேந்திரங்காய் சிப்ஸோ கூடவே வரும்.

இப்படியே ஒரு வருஷம் ஓடுச்சு. 2021 ஜூன். ஆபீஸ்ல ஆணி அதிகம். தினம் பதினோரு மணிக்கு வெளிநாட்டு கிளையண்ட்டோட மீட்டிங். நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து லைன் அறுந்துடும். மேனேஜர் ஒருநாள் எல்லார் முன்னாடியும் "உங்க வீட்டு நெட்டை முதல்ல சரி பண்ணுங்க"ன்னுட்டார். கடுப்பில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தா, 9 கருவிகள் இணைஞ்சிருக்கு. எங்களுது ஆறு, டீச்சருது ஒண்ணு. மீதி ரெண்டு?

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். சிட்டவுட் படியில், டீச்சர் வீட்டுக்கு வேலைக்கு வர்ற சேச்சியோட பொண்ணும் தம்பியும் ஆளுக்கொரு போனோட உட்கார்ந்திருக்காங்க. கேரளத்துல அப்போ 'ஃபர்ஸ்ட் பெல்'னு விக்டர்ஸ் டிவியில பாடம் நடக்கும். அதுக்கு மேல நோட்ஸ், வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். அதைத்தான் இறக்கிக்கிட்டிருந்திருக்காங்க. எனக்கு அது அப்போ தோணலை. 'கேக்காம ஊருக்கே கொடுத்துட்டாங்களே'ன்னு மட்டும்தான் தோணுச்சு. ரெண்டே நிமிஷம், பாஸ்வேர்டை மாத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லலை.

கீழே இருந்து யாரும் வந்து கேக்கலை. எட்டரை மணிக்கு சிட்டவுட் நாற்காலி காலியா இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.

ஆனா பதினோரு மணி மீட்டிங் மட்டும் அப்படியே அறுந்துக்கிட்டிருந்தது! நாலஞ்சு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டு அப்புறம்தான் பிடிபட்டுச்சு. பதினோரு மணிக்குத் தங்கமணி மைக்ரோவேவ்ல பால் சுட வைப்பாங்க. என் மேஜை சமையலறைச் சுவரை ஒட்டி. மைக்ரோவேவும் பழைய வைஃபையும் ஓடுறது ஏறக்குறைய ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அடுப்பிலிருந்து லேசாக் கசியறதே சிக்னலைக் குழப்பப் போதும். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினேன், பிரச்சினை தீர்ந்தது. அந்தப் பசங்க பேர்ல ஒரு தப்பும் இல்லை.

அப்பவும் பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுக்கலைங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய்க் கொடுக்கிறது?

ஜூலை ஒண்ணாம் தேதி கதவு தட்டின சத்தம். டீச்சர். கையில் கவர். உள்ளே அதே 200 ரூபாய்.

"நெட்டு போயி அல்லே மோனே? சாரமில்லா, சரியாவும்"னாங்க. ஊருக்கே நெட் இல்லைன்னு நினைச்சிருக்காங்க. அப்புறம் சொன்னதுதான் இன்னமும் உறுத்துது. எனக்கு ஆபீஸ் வேலை கெட்டுப்போகுமேன்னு அவங்க போன்ல கூடுதலா ரீசார்ஜ் பண்ணியிருக்காங்களாம். ஹாட்ஸ்பாட் போட அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்திருக்காம். வேணும்னா எடுத்துக்கோன்னு போனை நீட்டினாங்க.

உண்மையைச் சொல்லியிருக்கணும். சொல்லலை. "இப்பத்தான் சரியாச்சு டீச்சர், புது பாஸ்வேர்ட் மாத்திட்டாங்க"ன்னு ஒரு பொய்யைச் சொல்லி காலண்டரில் நானே எழுதிக் கொடுத்தேன். உள்ளே வந்து பார்த்தா தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. ஒண்ணும் பேசலை. அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இதே கேரளத்துல 2019 செப்டம்பரில்தான், கோழிக்கோட்டுப் பக்கம் ஹாஸ்டலில் போன் கட்டுப்பாட்டை எதிர்த்த ஒரு மாணவி வழக்கில், இணையம் கல்வி உரிமையின் ஒரு பகுதின்னு ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லுச்சு. 2023 ஜூனில் அரசே கே-ஃபோன்னு தொடங்கி, முதல் கட்டமா தொகுதிக்கு நூறு வீதம் 14,000 ஏழை வீடுகளுக்கு இலவச இணைப்புன்னு அறிவிச்சது. அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். என் வீட்டு மாடிப்படி அளவுக்கு வந்தா, ரெண்டு பசங்களோட பாடத்தை ரெண்டு கிளிக்கில் நிறுத்தினவன் நான்.

பயம் நியாயமானதுதான், அதை இப்பவும் சொல்வேன். ஆனா அதுக்கு வழி இருக்கு. பெரும்பாலான ரவுட்டர்ல 'கெஸ்ட் நெட்வொர்க்' உண்டு. தனிப் பேர், தனி பாஸ்வேர்ட், நம்ம லேப்டாப் பக்கம் அவங்க வர முடியாது. சிலதுல வேகத்துக்கும் வரம்பு வைக்கலாம். முகவரி மட்டும் அப்பவும் நம்ம பேர்லதான் இருக்கும், அதனால முகம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் கொடுங்க. அதைவிட முக்கியமா, நிறுத்தணும்னா சொல்லிட்டு நிறுத்துங்க.

திருச்சியில் தனியா இருக்கிற எங்கம்மா தினம் வீடியோவில் வர்றது எதிர்வீட்டுப் பையனோட வைஃபையில்னு பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது. அவன் ஒருநாள்கூட மாத்தலை.

இப்போ கீழ்வீட்டுக்கு நான் வெச்சிருக்கிற நெட்வொர்க்கோட பேர் 'டீச்சர்'. கவர் இன்னும் மாசாமாசம் வருது. வாங்கும்போதெல்லாம் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும்.

டிஸ்கி: டீச்சருக்குத் தமிழ் பேசினா புரியும், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்துலதான் இதை எழுதறேன்.